சாதி பாவமா, வழக்கமா? – நம் திருநாள்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

(திருச்சியில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கிறித்தவராக உங்கள் நம்பிக்கையைப் பற்றியும் பண்டிகைகளைப் பற்றியும் பேசுங்கள் என்று அழைத்தார்கள். பாதிப் பேர் கடவுள் மறுப்பாளர்களாக இருக்கும் கூட்டத்தில் இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்த தோழருக்கு நல்ல துணிச்சல். என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் போகிறவன். காவிரிக்கரைக் கத்தோலிக்கச் சபைகளின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில், பறையர் தெருவில் பிறந்தவன். இந்த மூன்று பேரும் ஒரே ஆளுக்குள் குடியிருப்பது அவ்வளவு சுமுகமான குடித்தனம் இல்லை.

ஒரே ஒரு போதனையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். "சாதி ஒரு சமூக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை" என்கிற போதனை. இதை இன்று எந்தப் பங்குத்தந்தையும் பிரசங்க மேடையில் சொல்வதில்லை. மேடையில் "கடவுளின் பிள்ளைகள் எல்லோரும் சமம்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் திருநாள் வரும்போது பாருங்கள். தேர் எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது, யாருடைய சவம் எந்த வாசல் வழியாகக் கல்லறைக்குப் போகிறது என்று பாருங்கள். நம் சபை உண்மையில் எதைப் போதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்து டிசம்பர்

நான் வாடகைக்கு இருப்பது ஸ்ரீரங்கத்தில். அந்த அறை கிடைப்பதற்கு முன்னால் நான்கைந்து வீடுகளில் "தம்பி, நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் "கிறிஸ்டியனா? கறி சமைப்பீங்களே" என்றார்கள். கறி ஒரு சாக்கு. அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது தெருதான்.

அங்கே டிசம்பர் என்றால் வைகுண்ட ஏகாதசி. பகல்பத்து, இராப்பத்து என்று திருநாள் நீளும். பரமபத வாசல் திறக்கும் நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். 2025-இல் அது டிசம்பர் 30-ஆம் தேதி வந்தது, கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள். ஊரே சொர்க்கவாசலுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு உறையூர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். திருப்பாணாழ்வார். பாணர் குலத்தில் பிறந்ததால் கோயிலுக்குள் போகாமல் காவிரிக்கரையில் நின்றே பாடியவர். வழிவிடவில்லை என்று லோகசாரங்கர் கல்லெறிந்தார், பிறகு அரங்கனே கட்டளையிட, அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுபோனார் என்பது கதை. உள்ளே போனவர் இறைவனோடு கலந்துவிட்டார், திரும்பி வரவில்லை.

இந்தக் கதையைச் சமத்துவத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களே, அவருடைய தெரு என்ன ஆயிற்று? அந்தத் தெருக்காரர்கள் கோயிலுக்குள் கால்வைக்க இருபதாம் நூற்றாண்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒருவருக்கு அற்புதம், மற்றவர்களுக்குப் பழைய வழக்கமே.

இதை ஸ்ரீரங்கத்தைப் பார்த்துக் கேட்பது எளிது. ராஜகோபுரத்துக்கு எதிரே 2006 டிசம்பரில் பெரியார் சிலையை உடைத்தபோது நாம் அனைவரும் கேட்டோம். அதே கேள்வியை நான் என் சபையைப் பார்த்தும் கேட்க வேண்டும்.

டிசம்பர் 25-ஐயே எடுத்துக்கொள்வோம். 1927-இல் அந்த நாளில்தான் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். 1968-இல் அதே இரவில்தான் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம். நள்ளிரவுத் திருப்பலியில் ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் கேட்கிறோம். சத்திரத்தில் இடமில்லை, பிள்ளையை மாட்டுக்கொட்டிலில் கிடத்தினார்கள் என்று. இடம் மறுக்கப்பட்டவர்களின் கதைதான் கிறிஸ்துமஸ் என்றால், குடிசை ஒன்றில் ஒளிந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த அந்த 44 பேரை அந்தப் பிரசங்கத்தில் ஏன் சேர்க்க முடியவில்லை? நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருமுறைகூட அந்த ஊரின் பெயர் என் காதில் விழவில்லை.

போதனை பிறந்த கதை

"வழக்கம்" என்கிற இந்தச் சொல் எப்போது சபைக்குள் நுழைந்தது? 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர். தமிழ் உரைநடை படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, பிராமண சந்நியாசி போல வாழ்ந்து உயர்சாதியினரிடம் மதத்தைக் கொண்டுபோனார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குலத்தின் அடையாளம், மதத்தின் அடையாளம் அல்ல என்பது அவர் வாதம். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றுக்கொண்டார்.

கேட்பதற்கு இது பண்பாட்டு மரியாதை போலத்தான் இருக்கும். கல்லூரிகளில் இன்றும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள். ஆனால் நடைமுறை என்ன? உயர்சாதியினரிடம் போகும் சந்நியாசி, பறையர் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்களை 1640-களில் ஏற்படுத்தினார்கள். வேதம் ஒன்று, குருக்கள் இரண்டு வகை. சாகக் கிடக்கும் பறையருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கக்கூட வீட்டுக்குள் போக மாட்டார்கள்.

ரோமாபுரிக்கு இது தெரியாமல் இல்லை. புதுச்சேரிக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704-இல் இதைக் கண்டித்து ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய்த்தான் அருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்றார். இங்கிருந்தவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? "அப்படியானால் பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுகிறோம்." அதுவும் ஏற்கப்பட்டது. கண்டனமும் வந்தது, வழக்கமும் நிலைத்தது. என் ஆய்வில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்: மேலேயிருந்து நல்ல ஆவணம் வரும், கீழே தேர் பழைய வழியிலேயே போகும்.

சீர்திருத்தச் சபையினர் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி இதே திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் இறந்துபோன ஆங்கிலிக்கன் பேராயர் ஹீபர், புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நம் ஊரில் ஒரு கல்லூரியே அவர் பெயரில் இருக்கிறது. சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போகலாம் என்ற பக்கம் சாய்ந்தவர் அவர். சில ஆண்டுகள் கழித்து வந்த பேராயர் டேனியல் வில்சன், 1833-இல் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் திருவிருந்து வாங்குவதைவிட, சபையைவிட்டு வெளியேறுவதே மேல் என்று பலர் போனார்கள். விசுவாசமா சாதியா என்று வந்தபோது அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். வெறும் வழக்கம் என்றால் அதற்காக யாராவது கடவுளை விட்டுப் போவார்களா?

தேரும் கல்லறையும்

நிகழ்காலத்துக்கு வருவோம். துறையூர்ப் பக்கம் கோட்டப்பாளையம். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. ஆலயம் புனித மகதலா மரியாளுடையது. திருவிழா நடத்துவதிலும் தேர்பவனியிலும் இடுகாட்டிலும் பாகுபாடு காட்டப்படுகிறது என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே வழி கிடைக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசுக்கும் மற்றவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

மகதலா மரியாள் யார்? உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர். பெண் சொல்வதைச் சாட்சியாக மதிக்காத காலத்தில் முதல் சாட்சியாக நின்றவர். சீடர்களே அவர் சொன்னதை முதலில் நம்பவில்லை. அவர் பெயரால் எடுக்கும் தேருக்காக ஒரு தெரு மக்கள் டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது.

விழுப்புரம் பக்கம் எறையூர். தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். தாக்கியவர்கள், தாக்கப்பட்டவர்கள், செத்தவர்கள் எல்லோரும் அன்று சாம்பல் புதனில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்கியவர்கள்தான். சாதி யாரையும் வாழவைப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். என் ஆயாவுக்கு கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள் அதுதான். முந்தின நாளே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றிச் செவந்திப்பூ வைக்கும். எங்கள் ஊர்க் கல்லறையில் நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சிலுவைகள் பளிங்கு, இந்தப் பக்கம் செங்கல். சாமியார் மந்திரிக்க வரும்போது முதலில் அந்தப் பக்கம் போவார். எங்கள் பக்கம் வரும்போது தீர்த்தச் சொம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன். "சாமி என்னடா பண்ணும்? இதெல்லாம் சாமியாரும் ஊர்க்காரனும் பண்றது" என்றது. இறையியல் புத்தகங்களில் நான் படித்த விளக்கங்களைவிட அது நேர்மையான விளக்கம்.

எங்கள் ஊரில் வாய்க்கால் என்றால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர். தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்த குறுக்குச் சுவர். 2010-இல் அதில் ஒரு பகுதியை இடித்துக் கைதானவர்கள் பெரியார் இயக்கத் தோழர்கள். கடவுள் இல்லை என்றவர்கள் இடிக்கப் போனார்கள். கடவுள் உண்டு என்று தினமும் சொல்கிற நாங்கள் எத்தனை கல்லறைத் திருநாள் அந்தச் சுவரைச் சுற்றி நடந்து மெழுகுவத்தி ஏற்றினோம்?

பொறுமை என்னும் போதனை

சுற்றி நடக்கக் கற்றுக்கொடுத்தது எது? இன்னொரு போதனை. துன்பத்தைச் சகித்துக்கொள், சிலுவையைச் சும, பரலோகத்தில் பலன் உண்டு. மதம் மாறிய தீண்டத்தகாத மக்களின் நிலையைப் பற்றி அம்பேத்கர் எழுதியபோது இதைத் தொட்டிருக்கிறார். இந்துவாக இருந்தபோது உன் தாழ்வுக்குக் காரணம் கர்மம் என்றார்கள். கிறித்தவரான பின் ஆதாமின் பாவம் என்றார்கள். இரண்டிலுமே உன்னைத் தாழ்த்திய சமூகத்தின் மேல் குற்றம் விழுவதில்லை. அவர் வாதத்தின் சாரம் இது. விசுவாசியாக எனக்கு இது உறைக்கிறது, ஏனென்றால் அது உண்மை. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் முன் பாவங்களின் பட்டியலை எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். மாங்காய் திருடியது உண்டு, பொய் சொன்னது உண்டு, பூசைக்குப் பிந்திப் போனது உண்டு. அடுத்த தெருக்காரனைத் தள்ளிவைத்தது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. தள்ளிவைத்தவனும் மறைக்கல்வி படித்தான். அவனுக்கும் யாரும் சொல்லவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1935-ஆம் பத்தி, பாலினம், இனம், நிறம், சமூக நிலை, மொழி, மதம் ஆகியவற்றின் பேரால் காட்டும் பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்கிறது. சாதி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்க முடியாதா? 2016-இல் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் இடம்பெறலாம் என்று ஓர் ஆணையில் மாற்றினார்கள். 2018-இல் மரண தண்டனையை ஏற்க முடியாது என்று அதே மறைக்கல்வி நூலையே திருத்தினார்கள். 2023-இல், புதிய நிலங்களைக் கைப்பற்ற ஐரோப்பியர்களுக்கு உரிமை தந்த பழைய 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் நிராகரித்தது. மாற்ற முடியும். மாற்ற வேண்டும் என்று கேட்கிற குரல் போதவில்லை.

அரசும் ஆலயமும் சொல்லும் ஒரே வாக்கியம்

இது சபைக்குள் தீர்த்துக்கொள்ளும் குடும்பத் தகராறு இல்லை. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். என் அண்ணன் தம்பி உறவில் இந்துவாக இருப்பவருக்கு எஸ்.சி. சான்றிதழ், எனக்குப் பி.சி. சான்றிதழ். தெரு ஒன்றுதான். 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசின் பதில், கிறித்தவத்தில் சாதி இல்லையே என்பது.

1985-இல் சென்னைச் செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன கேட்டது? மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சான்று இருக்கிறது, கல்லறையில் இருக்கிறது, தேர்ப்பாதையில் இருக்கிறது. ஆனால் "எங்கள் சபையில் சாதி இல்லை" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சான்றை மூடிவைப்பது யார்? கௌரவத்துக்காகப் பங்கு சொல்லும் அதே வாக்கியத்தை வைத்துத்தான் அரசு என் உரிமையை மறுக்கிறது.

"இதையெல்லாம் வெளியே பேசினால் சங்கிகளுக்குத் தீனி போடுவதாகாதா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். மணிப்பூரில் ஆலயங்கள் எரிந்த காலத்தில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் யோசியுங்கள். சங்கிகளுக்குத் தேவை, தலித் கிறித்தவர் தன் சபையில் அவமானப்பட்டு ஊமையாக நிற்பது. அவர் வாய்திறந்து "இது என் சபை, இங்கே எனக்குச் சமமான இடம் வேண்டும்" என்று கேட்பது அவர்களுக்குத் தேவைப்படாத காட்சி. நாம் பேசாமல் இருந்தால்தான் நம் சார்பில் அவர்கள் பேசுவார்கள்.

ஏன் இருக்கிறேன், என்ன கேட்கிறேன்

பிறகு ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்பீர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் வீட்டில் முதல் எழுத்து கற்றார்கள். அது ஒரு காரணம், ஆனால் நன்றிக்கடனுக்காக யாரும் விசுவாசியாக இருக்க முடியாது. ஊருக்கு வெளியே, தீட்டான இடத்தில், குற்றவாளிகள் நடுவே கொல்லப்பட்ட ஒருவரைக் கடவுள் என்று சொல்கிற மதம் இது. அதை என் தெரு புரிந்துகொள்கிற மாதிரி பெரிய தெரு புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். அந்தச் சிலுவையை அவர்களிடம் விட்டுவிட்டு வெளியேற எனக்கு மனமில்லை.

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றது. மூன்றில் இரண்டு பங்கு. முதல் தலித் கர்தினால் வருவதற்கு 2022 ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். ஆகவே நான் கேட்பது சலுகை இல்லை, வீட்டுக்காரன் கேட்கிற கணக்கு.

தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். போக முடியாது என்றால் தேர் வேண்டாம், கொடியிறக்கிவிடுங்கள். கல்லறையில் இறந்த தேதி வரிசையில் அடக்கம் செய்யுங்கள், குல வரிசையில் அல்ல. பங்குப் பேரவையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மறைக்கல்வி வகுப்பில் சாதி பார்ப்பது பாவம் என்று அந்தச் சொல்லாலேயே கற்றுக்கொடுங்கள். பாவம் என்றால் பாவசங்கீர்த்தனம் உண்டு, பரிகாரமும் உண்டு. வழக்கம் என்று சொல்லும் வரை இரண்டும் கிடையாது.

முடியுமா என்றால், நடந்திருக்கிறது. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி வைத்து 1872-இல் கால்சட்டை வடிவில் ஆலயம் கட்டினார்கள். 1910-இல் நடுச்சுவரை இடித்தார்கள். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆயர் பக்கம் நின்ற சென்னை உயர் நீதிமன்றம், ஆலயத்துக்குள் சாதியைச் சிவில் உரிமையாக ஏற்க மறுத்தது. நூறாண்டுக்கு முன்பே ஓர் ஆயருக்கு அந்தத் துணிவு இருந்தது.

இங்கே இருக்கும் கிறித்தவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவத்தி வாங்கும்போது ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். உங்கள் ஊர்க் கல்லறையில் சுவரோ வாய்க்காலோ வேலியோ எது இருந்தாலும் அதைத் தாண்டிப் போய், உங்களுக்கு உறவில்லாத ஒரு கல்லறையில் ஏற்றிவையுங்கள். யாராவது தடுத்தால் எந்த மறைக்கல்விப் பாடத்தின்படி தடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எழுதி, தேதி போட்டு, ஆயருக்கு அனுப்புங்கள். ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் சான்று கேட்கும்.